மலையடியில் இரும்பு, ரத்தத்தில் சோகை

லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்க்காத ஏற்காட்டுக்காரர் யாரும் இருக்க மாட்டார். சுற்றுலா வருகிறவர்கள் விளக்குகளைப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற பழைய ஆட்கள் மலைகளைப் பார்ப்போம். அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் எடுத்த சுண்ணாம்புக் கரடு. அதைத் தாண்டி மேற்கே, கூட்டத்தை விட்டுத் தனியாகப் படுத்த எருமை மாதிரி ஒரு மலை. அதுதான் கஞ்சமலை. அந்த மலைக்குள் இருப்பது காந்தக்கல் எனப்படும் மேக்னடைட் இரும்புத் தாது. நாம் நிற்கிற சேர்வராயன் மலையின் தலையில் இருப்பது பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. இந்த இரண்டு தாதுக்களும் நம் ஊர்ப் பெண்களின் ரத்தத்தோடு எப்படிச் சம்பந்தப்பட்டன என்பதைத்தான் இந்தத் தடவை எழுதப் போகிறேன்.

நான் சுகாதாரத் துறையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது இங்கே படிக்கிறவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்த கை இது. அந்த ரத்தத்தில் எத்தனை தடவை இரும்பு பற்றாமல் இருந்தது என்று கணக்குப் போட்டால் மனசு கனக்கும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55. இவ்வளவு மாத்திரை, டானிக், சத்துணவு எல்லாம் கொடுத்தும் ஐந்து வருஷத்தில் இறங்கியது ஒன்றரை புள்ளிதான். ஆண்களில் நூற்றுக்கு 15 பேர்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கஞ்சமலைக்குப் போய்விட்டு வருவோம்.

அந்த மலையின் அடிவாரக் காடுகளில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்கி, ஓட்டை ஓட்டையாக ஒரு கல் கிடைக்கும். தூக்கிப் பார்த்தால் கல்லைவிடக் கனம். அது கல் இல்லை, இரும்புக் கிட்டம். அந்தக் காலத்தில் மண்ணால் ஆளுயரத்துக்கும் குறைவான உலை கட்டி, தாதுமணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி இரும்பு எடுத்தார்கள். எடுத்தது போக வழிந்து உறைந்த கசடுதான் கிட்டம். அந்த இரும்பைச் சின்ன மண்மூசையில் போட்டு, ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து மூடிக் காய்ச்சினால் உருக்கு. வெளிநாட்டார் 'வூட்ஸ்' என்று பெயர் வைத்துத் தலையில் வைத்துக் கொண்டாடியது இதைத்தான்.

சித்த மருத்துவத்தில் இந்தக் கிட்டத்துக்கு மண்டூரம் என்று பெயர். வெளுப்பு நோய்க்கு, அதாவது பாண்டுவுக்கு, முக்கியமான சரக்கு. கிட்டம் பழையதாக இருக்க வேண்டும், நூறு வருஷம் ஆனது உத்தமம், எண்பது மத்திமம், அறுபது அதமம், அதற்குக் கீழே விஷம் என்று ஆயுர்வேதத்தில் ஒரு கணக்கே உண்டு. அதை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கோமூத்திரத்தில் தோய்த்து, திரும்பத் திரும்பச் சுத்தி செய்து, அப்புறம்தான் மருந்தாகச் சேர்ப்பார்கள். சித்தர் கோயில் இருக்கிற மலைக்கு அடியிலேயே சோகைக்கு மருந்தான கிட்டமும் குவிந்து கிடக்கிறது என்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். (யாரும் பொறுக்கி வந்து வீட்டில் காய்ச்சக் கிளம்ப வேண்டாம். சுத்தி செய்யாத கிட்டத்தில் என்னென்ன உலோகம் இருக்கும் என்று கண்ணால் சொல்ல முடியாது.)

மண்டூரம் மட்டுமல்ல. அயச் செந்தூரம், காந்தச் செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் எல்லாமே இரும்புதான். அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் பச்சைப் படிகமாகக் கொடுப்பார்களே, அது வேதியியலில் பெர்ரஸ் சல்பேட். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற இரும்பு மாத்திரையில் இருப்பதும் அதே பெர்ரஸ் சல்பேட்தான். நம் வைத்தியர்கள் அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் புடம் போட்டார்கள். 2024இல் வந்த செய்தி ஒன்றும் ஞாபகம் வருகிறது. அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கையும் வளரிளம் பெண்களுக்கு 45 நாள் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏறியது என்று. இரும்போடு நெல்லிக்காய் சேர்கிறது பாருங்கள். அந்தப் புளிப்புக்கு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஐரோப்பாவிலும் கதை ஏறக்குறைய இதேதான். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் சிடன்ஹாம் என்ற டாக்டர், வெளிறிப்போன இளம் பெண்களுக்கு இரும்புத்தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். 1832இல் பிரான்ஸில் பிளாட் என்ற டாக்டர் பெர்ரஸ் சல்பேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருட்டிய மாத்திரையை வெளியிட்டார். பிளாட் மாத்திரை என்று நூறு வருஷம் உலகம் முழுக்க ஓடியது.

அதே சமயம் நம் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி 1825இல் வேலையை விட்டுவிட்டு, சேலத்து இரும்பை இங்கிலாந்து முறையில் உருக்கப் போகிறேன் என்று கிளம்பி, 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். தாது நம்முடையது, கஞ்சமலைப் பக்கம். காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசலிலும் படகிலும் கடற்கரைக்குப் போயிற்று. உலைக்கு மரக்கரி வேண்டும். காடு அழிந்ததுதான் மிச்சம், கம்பெனி தழைக்கவில்லை. 1860களில் மூடிவிட்டார்கள். ஹீத்தும் பணத்தையெல்லாம் இழந்து, ஷெப்பீல்டில் மாங்கனீசு சேர்த்து உருக்குச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, அதற்காகவும் வழக்கு நடத்தி, 1851இல் இறந்துபோனார். இதற்குள் வெளிநாட்டு இரும்பு மலிவாக வந்து இறங்கியது. துருத்தி ஊதின குடும்பங்கள் கூலி வேலைக்குப் போயின. கூலி எங்கே கிடைத்தது? காப்பித் தோட்டத்தில்.

இப்போது மலைமேல் ஏறுவோம்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர். கிரேஞ்ச் எஸ்டேட்டிலிருந்து தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இந்த மலை முழுக்க மலையாளி மக்களின் சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகுக் காடு. நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் இப்போதும் பெரியவர்களைக் கேட்டால், சாமைச் சோறும் களியும் காட்டுக் கீரையும் தின்ற உடம்பு என்று தோளைத் தட்டிக் காட்டுவார்கள்.

காப்பி வந்த பிறகு மலையில் இரண்டு மாற்றம். ஒன்று, நிழல் மரத்துக்குக் கீழே வருஷம் பூராவும் ஈரம் காயாத மண். இரண்டு, அந்த மண்ணில் செருப்பில்லாமல் வேலை செய்கிற நூற்றுக்கணக்கான ஆண்கள், பெண்கள், அவர்களுக்குக் கக்கூஸ் இல்லாத லைன் வீடுகள். கொக்கிப்புழுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

கொக்கிப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரும்புச்சத்து என்றாலே எல்லோரும் எதைத் தின்பது என்றுதான் கேட்கிறார்கள், எங்கே போகிறது என்று கேட்பதில்லை. 1838இல் மிலான் நகரில் டுபினி என்ற டாக்டர் ஒரு பிரேதத்தின் குடலில் இந்தப் புழுவைப் பார்த்தார். சும்மா இருக்கிற புழு என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ட் கோத்தார்டு ரயில் சுரங்கம் போட்டபோது, தொழிலாளிகள் வெளுத்துப்போய்ச் சாகத் தொடங்கினார்கள். சோதித்தால் எல்லோர் குடலிலும் இதே புழு. அப்புறம் 1898இல் கெய்ரோவில் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர், இந்தப் புழுவின் குஞ்சு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்று கண்டுபிடித்தார். மலத்தில் முட்டை, ஈர மண்ணில் குஞ்சு, வெறுங்காலில் நுழைவு, ரத்தத்தோடு நுரையீரல், அங்கிருந்து தொண்டை, விழுங்கினால் குடல். குடலில் பல்லைப் பதித்துத் தொங்கி ரத்தம் குடிக்கும். வருஷக்கணக்கில்.

ஒரு புழு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்? இரண்டு வகைப் புழுவில் சாதுவான வகையே 0.03 மில்லி. முன்னூறு புழு இருந்தால் 9 மில்லி. நல்ல ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. ஆக நாளொன்றுக்கு நாலரை மில்லிகிராம் கசிகிறது. கொஞ்சத்தைக் குடல் திரும்ப எடுத்துக்கொள்ளும், மீதி போயிற்று. நாம் மூன்று வேளை நன்றாகச் சாப்பிட்டு உடம்பில் சேர்வதே ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு மில்லிகிராம். இந்தக் கணக்கில் முருங்கைக்கீரை என்ன செய்யும், பாவம்.

நம் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணி பிடித்துப் போன ஜனங்கள்தான் இலங்கைத் தோட்டங்களிலும். அங்கே 1916இல் மாத்தளைப் பக்கம் ராக்பெல்லர் நிதியில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. தோட்ட முதலாளிகளிடம் அவர்கள் சொன்ன வாதம் தர்மம் அல்ல, லாபம். ரத்தமுள்ள கூலி அதிகம் வேலை செய்வான், அவ்வளவுதான். சென்னை மாகாணத்திலும் 1920களில் அதே வேலை நடந்தது. ஓம எண்ணெயிலிருந்து வரும் தைமால், சீனோபோடியம் எண்ணெய், அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு என்று ஒன்றைவிட ஒன்று கொடூரமான மருந்துகள். புழு வெளியே வரும், ஆனால் அடுத்த மழைக்கு மறுபடி உள்ளே போகும், ஏனென்றால் கக்கூஸ் கட்டவில்லை, செருப்பு கொடுக்கவில்லை. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, கழிப்பிடமும் குடிநீரும் வைத்திய வசதியும் தோட்ட முதலாளியின் கடமை என்று எழுதியது. எழுதினதற்கும் கட்டினதற்கும் நடுவில் எத்தனை வருஷம் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது சாலி மீட்டர். பழைய டெக்னீஷியன்கள் யாராவது படித்தால் சிரிப்பார்கள். விரலில் குத்தி, உறிஞ்சுகுழலில் இருபது மைக்ரோலிட்டர் ரத்தம் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டுப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். பழுப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாக வடிநீர் விட்டு, பக்கத்தில் இருக்கிற கண்ணாடித் துண்டின் நிறத்துக்குச் சரியாக வந்ததும் அளவைப் படிக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று பார்ப்போம். ஏற்காட்டில் பனி மூடிய நாளில் ஒருத்தன் பார்த்தால் எட்டு, இன்னொருத்தன் பார்த்தால் ஒன்பது. ஆனால் சில பேருக்கு அமிலத்தில் விட்டதுமே தெரிந்துவிடும், வடிநீர் விட வேண்டிய வேலையே இருக்காது.

அப்படி ஒரு பெண். மூன்றாவது பிரசவம். தோட்டத்து வேலையை விட்டு ஏழு மைல் நடந்து வந்திருந்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். நாலரை கிராம். மலப் பரிசோதனையில் கண்ணாடித் தகடு முழுக்கக் கொக்கிப்புழு முட்டை. அப்போதெல்லாம் அல்கோபார் என்று ஒரு கசப்புப் பொடி கொடுப்போம், கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். ரத்தம் ஏற்றச் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். "ரெண்டு புள்ளைய விட்டுட்டு எப்படிண்ணா கீழ போறது, கூலி போயிருமே" என்றாள். மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். பிரசவத்தில் பிழைக்கவில்லை. பிறகு நர்ஸம்மா சொன்னார், ரத்தப்போக்கு ரொம்ப அதிகம் என்றுகூடச் சொல்ல முடியாது, மற்ற பொம்பளைங்க தாங்கற அளவுதான், இவகிட்ட இழக்கிறதுக்கு இல்ல என்று. அந்த லேப் ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே நான் எழுதின 4.5 இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த மாத்திரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சிவப்பு மாத்திரையில் இரும்பு மட்டும் இல்லை, போலிக் அமிலமும் உண்டு. அந்த இரண்டாவது சரக்கு நம் நாட்டுப் பெண்களின் ரத்தத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டது என்றே சொல்லலாம். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்பத்தில் வருகிற கடுமையான சோகையை ஆராய்ந்தார். இரும்பு கொடுத்தும் தீராத சோகை அது. குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்திருக்கிறார். கடைசியில் சோகையைத் தீர்த்தது எது தெரியுமா? மார்மைட். பீர் காய்ச்சிய ஈஸ்ட் கசடில் செய்து ரொட்டியில் தடவுகிற கறுப்புப் பசை. அதற்குள் இருந்த சத்து 1940களில் பிரித்தெடுக்கப்பட்டது, அதுதான் போலிக் அமிலம். கீரையில் நிறைய உண்டு, ஆனால் ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் போய்விடும்.

1970இல் மத்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிக்கு நூறு நாள், நூறு மாத்திரை, ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. அதே 1970 செப்டம்பரில்தான் இந்திரா காந்தி வந்து கஞ்சமலை அடியில் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். ஊரே உருக்காலையைப் பற்றித்தான் பேசியது, மாத்திரையைப் பற்றி யார் பேசுவார்கள்?

மாத்திரை கொடுத்தோம், எழுதிக்கொண்டோம். எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பது வேறு கணக்கு. மலம் கறுப்பாகப் போகும், வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிடுவார்கள். "மாத்திரை தின்னா புள்ள பெருசாயிரும்ணா, பெத்தெடுக்க முடியாது" என்று மாமியார்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆஸ்பத்திரி மலையில் இருந்து இறங்கும்போதே ஓடையில் மாத்திரை போய்விடும். இன்றைக்குக் கர்ப்பிணிக்கு நாலாவது மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் நீல மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இரண்டு நாளும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை. மாத்திரை ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஐயர்ன் சுக்ரோஸ் ஊசி போடுகிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் பேரீச்சையும் வருகிறது. எங்கள் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம்தான். குறை சொல்ல மாட்டேன்.

இனி பாத்திரக் கதை. என் அம்மா புளிக்குழம்பை இரும்புச் சட்டியில்தான் வைப்பார். குழம்பு கொஞ்சம் கறுக்கும், ஒரு இரும்பு வாடையும் இருக்கும். அந்தக் கறுப்பு என்ன? புளி சட்டியிலிருந்து கரைத்தெடுத்த இரும்பு. சேலத்து இரும்புக் கொல்லர் அடித்த சட்டி, வாணலி, தோசைக்கல் என்று ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊரின் இரும்பு ஊர் ஜனங்களின் வயிற்றுக்குள் போனது. எத்தியோப்பியாவில் ஒரு பக்கம் குழந்தைகளின் வீட்டுக்கு இரும்புப் பாத்திரமும் இன்னொரு பக்கம் அலுமினியப் பாத்திரமும் கொடுத்துப் பார்த்து, இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் கூடியதை 1999இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

1960களில் மேட்டூரில் மால்கோ வந்தது. நம் சேர்வராயன் மலையின் பாக்சைட்டை லாரியில் இறக்கிக் கொண்டுபோய் அலுமினியம் செய்தார்கள். நம் வீட்டுக்கு வந்த அலுமினியக் குண்டான் நம் மலைக் கல்தான் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்தில்தான் வீட்டுக்கு வீடு அலுமினியம் நுழைந்தது. இலேசு, மலிவு, துருப் பிடிக்காது. அப்புறம் எவர்சில்வர். சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியபோது அது உருட்டியது எவர்சில்வர் தகடு. அதுவும் வெளியூரிலிருந்து வந்த உருக்கைக் கொண்டு. கஞ்சமலைத் தாதுவை நம்பிப் போட்ட ஆலை கஞ்சமலையைத் தொடவே இல்லை. எவர்சில்வர் குழம்புக்கு இரும்பைக் கொடுப்பது மிகக் குறைவு. இரும்புச் சட்டி பரணில் ஏறி, அப்புறம் பழைய இரும்புக்காரனிடம் பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று. பேரீச்சம்பழமாவது தின்றோமே என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

தட்டிலும் மாற்றம். ரேஷன் அரிசி வந்து சாமையும் கேழ்வரகும் குறைந்தன. கேழ்வரகில் 100 கிராமுக்கு நாலரை மில்லிகிராம் அளவில் இரும்பு, தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகூடத் தேறாது. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. தானியம், கீரை இரும்பில் உடம்பு எடுப்பது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். தானியத்தில் இருக்கிற பைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கூழைப் புளிக்கவைத்தால், தானியத்தை முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, நம் ஏற்காட்டு ஆரஞ்சு இவற்றில் இருக்கிற வைட்டமின் சி, இரும்பைக் குடல் உறிஞ்சக்கூடிய வடிவத்தில் வைக்கும். கூழுக்கு ஒரு நெல்லிக்காய் ஊறுகாயைவிடப் பச்சை நெல்லிக்காய் மேல். கறி தின்கிறவர்களுக்குச் சுலபம். ஈரலும், அதைவிடப் பல மடங்கு இரும்புள்ள சுவரொட்டியும் இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுத்த பாட்டிகள் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை.

இப்போது நம் காப்பி. ஏற்காட்டுக்காரன் காப்பியைக் குறை சொன்னால் ஊரை விட்டுத் தள்ளிவைப்பீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். 1983இல் அமெரிக்காவில் செய்த சோதனையில், சாப்பாட்டோடு ஒரு கப் காப்பி குடித்தால் அந்தச் சாப்பாட்டின் இரும்பு உடம்பில் சேர்வது நூற்றுக்கு 39 குறைந்தது. டீ இன்னும் மோசம், 64. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காப்பி அதே அளவுக்குக் கெடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் ஒன்றும் செய்யவில்லை. இட்லி முடித்த கையோடு டம்ளரைத் தேடுகிற நம் வழக்கம் இரும்புக்கு எதிரி, முந்தி எழுந்து வெறும் வயிற்றில் குடிக்கிற காப்பி எதிரி அல்ல. தோட்டத்துப் பெண்களுக்குக் காலைச் சாப்பாடே பல நாள் கறுப்புக் காப்பியும் ஒரு வாய்ச் சோறும்தான் என்பதை இங்கே சேர்த்து யோசியுங்கள். மாத்திரையையும் பலர் காப்பியோடுதான் விழுங்கினார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும், ஆணுக்கும், அறுபதுக்கு மேல் இரும்பு குறைந்தால் அது சாப்பாட்டுக் குறை என்று டானிக் வாங்கிக் குடித்துவிட்டு இருக்கக் கூடாது. எங்கேயோ கசிகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மூலம், வயிற்றுப்புண், இதயத்துக்குத் தினமும் போடுகிற ஆஸ்பிரின், சில சமயம் குடலில் கட்டி. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஒரு வருஷம் டானிக்காகக் குடித்தார். ஹீமோகுளோபினும் ஏறியது, திரும்ப இறங்கியது. கடைசியில் பெருங்குடலில் கட்டி. நல்ல வேளை, அறுவை செய்யக்கூடிய நிலையில் இருந்தது. சுத்த சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்கு பி12 குறைந்தும் சோகை வரும், அதற்கு இரும்பு உதவாது. தலாசீமியா மாதிரி பரம்பரைச் சோகை உள்ளவர்களுக்கு இரும்பு கொடுத்தால் கெடுதலே வரலாம். ஆகவே ரத்தம் சோதித்துவிட்டு மாத்திரை.

2023 முதல் நம் ரேஷன் கடையில் செறிவூட்டிய அரிசி. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கணக்கில், அரிசி மாவில் இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்து, அரிசி மாதிரியே வார்த்த மணிகளைக் கலக்கிறார்கள். அந்த மணி கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், களைந்தால் சிலது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று மலை முழுக்க வதந்தி. போன மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நாகலூர் பக்கம் போயிருந்தேன். அந்த வீட்டுப் பெண் முறத்தில் அரிசியைப் பரப்பி, அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்ற?" என்றேன். "வேற என்னமோ கலந்திருக்கு மாமா, புள்ளைங்களுக்கு ஆகாது" என்றாள். உட்கார்ந்து விளக்கினேன். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. கையில் இருந்த மணிகளைக் கோழிக்குப் போடாமல் திரும்ப முறத்திலேயே போட்டுவிட்டு, "அப்ப அரிசி களைஞ்ச தண்ணியோட மிதக்கறத ஊத்தக் கூடாதா?" என்று கேட்டாள். ஒரு தடவை மட்டும் இலேசாகக் களை, மிதக்கிறதைக் கையால் தடுத்துக்கொள், கஞ்சியை வடிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.